நடுப்பாதையில் போன குலசேகரம்

பாரிசில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் சீலைக்கடை வைத்திருக்கும் குலசேகரம், போன வைகாசியில் ஒரு சனிக்கிழமை, பாரிசுக்கு வெளியே உள்ள பழைய அரச மாளிகையொன்றின் தோட்டத்தில் நடுப்பாதையால் கடைசிவரை நடந்துபோய்த் திரும்பி வந்தபோது ஒரு முழமும் நாலு விரலும் உயரம்தான் இருந்தார். போகும்போது ஐந்தடி எட்டங்குலம். தூரத்தில் போகிற எவரும் சிறுத்துத்தான் தெரிவார், கிட்ட வர வரப் பழையபடி வளர்ந்துவிடுவார். குலசேகரம் வளரவில்லை. பட்டுவேட்டி, தலைப்பாகை, கழுத்துச் சங்கிலி எல்லாம் அவரோடு சேர்ந்து அளவாகச் சிறுத்திருந்தன. முறுக்கு மட்டும் குறையவில்லை.

அந்த மாளிகைக்கும் இவருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால், ஒரு மண்ணும் இல்லை. முப்பது வருசமாகப் பிரான்சில் இருந்தும் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுத்தவரல்ல. ஆனால் மகள் சாம்பவிக்கு ஆனியில் கலியாணம். இந்தக் காலத்தில் அழைப்பிதழ் அடித்துக் கொடுத்தால் போதாதாம், அழைப்பிதழ் வீடியோ என்று ஒன்று வேண்டுமாம். அதில் மாளிகை தெரிய வேண்டும், பூந்தோட்டம் தெரிய வேண்டும், மேலே ட்ரோன் பறக்க வேண்டும். முந்திய வருசம் ஒரு நகைக்கடைக்காரர் தன் மகளுடைய வீடியோவில் வெள்ளைக் குதிரையோடு நின்றதைப் பார்த்த நாளிலிருந்து குலசேகரத்துக்குச் சோறு இறங்கவில்லை. அதனால் ரூ லூயி-பிளாங் தெருவில் ஸ்டூடியோ வைத்திருக்கும் மதுஷனைப் பிடித்து, அனுமதி எடுத்து, குடும்பத்தை வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். தோட்டமென்றால் வகிடெடுத்துச் சீவிய தலை மாதிரி ஒரு தோட்டம். இடப்பக்கம் என்ன உண்டோ அதுவே வலப்பக்கமும். செடி ஒவ்வொன்றையும் கத்தரித்துக் கத்தரித்துப் பெட்டியாகவும் கூம்பாகவும் ஆக்கி வைத்திருந்தார்கள். குலசேகரத்தின் மனைவி நாகேஸ்வரி சுற்றிப் பார்த்துவிட்டு, "இவ்வளவு காணிக்குள்ளை ஒரு கறிவேப்பிலை நட இடமில்லையே!" என்றாள்.

லூடோவிக் என்ற காவலாளி அவர்களிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னான்: நடுப்பாதை ராசாவுடையது, மற்றவர்கள் ஓரப்பாதையால் போக வேண்டும். ராசா போய் இருநூறு வருசத்துக்கு மேல். பாதைக்கு அதை இன்னும் ஒருவரும் அறிவிக்கவில்லை. குலசேகரத்துக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. கோயில் திருவிழாவென்றாலும் குழுப்படமென்றாலும் நடு இடத்தைப் பிடிக்காமல் அவர் நின்றதே இல்லை. "ஓரத்தாலை நடக்கிறவன் பொம்பிளையின்ரை தேப்பனோ, பந்தம் பிடிக்கிறவனோ? நீ கமராவைப் போடு, மதுஷன்!" என்று சொல்லிவிட்டு, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு இறங்கி நடந்தார். திரும்பி வந்த கோலத்தைத்தான் முதலே சொல்லியாயிற்று. லூடோவிக் தோளைக் குலுக்கினான். வருசத்துக்கு இரண்டு பேருக்கு இப்படி ஆகும், முந்தித்தான் ஒரு வங்கித் தலைவருக்கும் ஆனது, மறுபடி வளர்ந்தவர் ஒருவரையும் தான் காணவில்லை என்றான். வரும் வழியெல்லாம் நாகேஸ்வரி அவரை மடியில் வைத்திருந்தாள். டொக்டர் இரத்தம் சோதித்து, எல்லாம் சரி, அளவுதான் குறைவு என்று எழுதிக் கொடுத்தார்.

கலியாணத்துக்கு மூன்று கிழமை இருந்தது. மகளின் கையைப் பிடித்து மாப்பிள்ளையின் கையில் வைக்க வேண்டியவர் தகப்பன். எண்ணூறு பேர் முன்னால் ஒரு முழ மனிதர் எப்படி அதைச் செய்வது? நாகேஸ்வரியின் தமையன் வாயெல்லாம் பல்லாக ஓடிவந்து, தான் அந்தப் பொறுப்பை எடுப்பதாகச் சொன்னார். குலசேகரத்துக்கு முதுகில் ஒப்பரேசன் என்று சொல்லிச் சமாளிக்கலாமாம். குலசேகரமும் ஒத்துக்கொண்டு கடையின் பின்னறையில் சீலைக்கட்டுகளுக்கு நடுவே ஒளிந்திருந்தார். தன் பிள்ளையின் கலியாணத்தில் தான் இல்லை என்று நினைக்க நினைக்க அவருக்கு வயிறு எரிந்தது. ஆனாலும் சனம் சிரிக்குமே! அந்தப் பயம் வயிற்றெரிச்சலையும் விழுங்கிவிட்டது.

வழக்கத்தில் எதைக் கேட்டாலும் பிரெஞ்சில் பதில் சொல்லும் சாம்பவி, அன்றைக்குப் பின்னறைக்கு வந்து தமிழில் பேசினாள்.

"பப்பா, நீங்கள்தான் என்ரை கையைப் பிடிச்சுக் குடுக்கோணும். மாமா தொட்டால் நான் மணவறையிலை இருந்து எழும்பிப் போயிடுவன்."

"எண்ணூறு பேர் பாப்பினம், பிள்ளை."

"பாக்கட்டும்."

ஆகவே ஆனி மாதம், புறநகர் மண்டபமொன்றில், கவிழ்த்து வைத்த சோற்றுக்கிடாரத்தின் மேல் பட்டு விரித்து, அதன்மேல் குலசேகரம் ஏறி நின்றார். அவருடைய கைக்குச் சாம்பவியின் இரண்டு விரல்தான் அடங்கியது. அதைக் கொண்டுபோய் மாப்பிள்ளையின் உள்ளங்கையில் வைத்தார், நாகேஸ்வரி செம்பால் நீர் வார்த்தாள். ஐயருக்குப் பதினொரு மணிக்கு வேறொரு கலியாணம் இருந்தபடியால் மந்திரம் வழக்கமான வேகத்திலேயே ஓடியது. குலசேகரம் கண்ணை இறுக மூடிக்கொண்டு, இப்போது சிரிக்கப் போகிறார்கள், இதோ சிரிக்கப் போகிறார்கள் என்று காத்திருந்தார்.

ஒருவரும் சிரிக்கவில்லை. பார்த்தால்தானே சிரிப்பதற்கு! எண்ணூறு பேரில் பாதிப்பேர் தாலிக்கொடி எத்தனை பவுண் என்று கணக்குப் போட்டார்கள். மீதிப்பேர் ஃபோனில் தங்கள் முகத்தைத் தாங்களே படம் பிடித்தார்கள். அட்சதை போட்ட கையோடு பந்திக்கு ஓடினார்கள், வடை ஆறிப்போய்விட்டதென்று குறை சொன்னார்கள். பக்கத்து ஃபோன் கடைக்காரி பேர்ளி மட்டும் பரிசுப் பெட்டியோடு கிட்ட வந்து, தலையைக் குனிந்து, "குலசேகரம் அண்ணை, கொஞ்சம் மெலிஞ்சு போனியள். சீனி வருத்தமோ?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் ஐஸ்கிறீம் பக்கம் போனாள். "ஓம், கொஞ்சம் மெலிஞ்சிட்டன்" என்று குலசேகரம் வெறும் காற்றுக்குச் சொன்னார். முப்பது வருசமாக லா சப்பலே தன்னைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறது என்று நம்பியிருந்த மனிதர் அவர். நாலு பேராவது சிரித்திருந்தால் அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

இப்போது அவர் கடையில் மேசைமேல் இருந்தபடி வியாபாரம் பார்க்கிறார். வருகிறவர்கள் முந்தியைப் போலவே விலை பேசுகிறார்கள், முந்தியைப் போலவே நாளைக்கு வருகிறோம் என்று சொல்லிவிட்டு அடுத்த கடைக்குப் போகிறார்கள். உமக்கு என்ன நடந்தது என்று இன்றுவரை ஒருவர் கேட்டதில்லை. ஞாயிறுகளில் சார்செல் புறநகரிலுள்ள தாய் தகப்பன் வீட்டுக்குச் சாம்பவி வருவாள். வந்தால் கதிரையில் இருப்பதில்லை, தகப்பனுக்கு முன்னால் நிலத்தில் சம்மணம் கட்டி இருந்து, அவர் கண்ணைப் பார்த்துக் கதைப்பாள்.