வெளுத்த கல்

லோடு வந்தால் ஹசீனா முதலில் கல்லைப் பார்ப்பாள். கொண்டுவந்தவன் முகத்தை அப்புறம்தான் பார்ப்பாள். கணவர் ஹயாத் பாஷா பக்கவாதத்தில் படுத்துவிட்டதிலிருந்து, பொம்மிடிக்கு வெளியே இருந்த சுண்ணாம்புக் காளவாயை நாலு வருஷமாக இப்படித்தான் காப்பாற்றி வந்தாள்.

உள்ளூர் ஓடைக்கல்லை வேகவைத்தால் சுண்ணாம்பில் மஞ்சள் தட்டும். கடலிலிருந்து வரும் பவளக்கல் என்றால் பால் மாதிரி வரும். ஆனால் கடல் கல்லில் ஒரு சிக்கல் இருந்தது. அலை கரையில் ஒதுக்கிய செத்த கல்லை மட்டுமே எரிப்பேன், உயிரோடு வெட்டிய பவளப்பாறை ஒன்று கிடந்தாலும் காளவாய்க்கு சீல் வைத்துக்கொள்ளலாம் என்று போன வருஷம் தர்மபுரியிலிருந்து வந்த அதிகாரியிடம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தாள். காளவாய் போனால் அந்தக் குடும்பத்துக்கு வேறு பிழைப்பு கிடையாது.

உயிரா, செத்ததா என்று பார்க்க அங்கே ஒரே கணக்குதான். பழுப்போ பச்சையோ ஏறியிருந்தால் வெட்டிய கல், வெள்ளையாக இருந்தால் செத்த கல்.

எண்பத்தேழாம் வருஷம் வைகாசியில் சேலத்து ஏஜெண்ட் கோவிந்தன் கொண்டுவந்த லோடு அத்தனையும் வெள்ளை. அதற்கு முன்னால் சித்திரையில் வந்து, எரித்தும் முடித்துவிட்ட இரண்டு லோடும் அப்படியே. இவ்வளவு வெள்ளையாக எங்கேயிருந்து வருகிறது என்ற உறுத்தல் அப்போதே இருந்தது. கடல் சூடாகிக் கல்லெல்லாம் தானே செத்து ஒதுங்குகிறது என்று கோவிந்தன் சொல்லியிருந்தான். மூன்றாம் லோடோடு கல் இறக்கப் புதிதாக ஓர் ஆளும் லாரியில் வந்திருந்தான். கடற்கரைக்காரன், பேர் சவுரியப்பன். கல்லை இறக்குவதை விட்டுவிட்டுக் காளவாயையே பார்த்துக்கொண்டு நின்றான். போட்டிக்காரன் யாராவது அனுப்பிய ஆளோ என்று ஹசீனாவுக்குத் தோன்றியது.

மத்தியானம் கல் பொறுக்கிப் பிரிக்கும் தீர்த்தம்மாள் உள்ளங்கையில் துணி சுற்றிக்கொண்டு வந்தாள். முந்தியெல்லாம் கல்லு வழவழன்னு இருக்கும், இந்தக் கல்லோ அரிவாள்மணையில் கை வைத்த மாதிரி கிழிக்கிறது என்றாள்.

"எத்தனை நாளா?"

"சித்திரையிலிருந்துங்க பாயம்மா. நீங்க ஏசுவீங்கன்னு சொல்லலை."

ஹசீனா ஒரு கல்லை எடுத்து விரலால் தடவினாள். சின்னச் சின்னக் குழிகள், ஒவ்வொன்றின் விளிம்பும் ஊசியாக நின்றது. அலையில் உருண்டு கரைக்கு வந்த கல் இப்படி இருக்காதே. அடிப்பக்கம் புரட்டினாள். கடப்பாரை பட்ட தடம் தெரிந்தது.

கோவிந்தனைக் கூப்பிட்டாள். தடத்தைப் பார்த்தும் அவன் முகம் மாறவில்லை. தண்ணிக்குள்ளேயே வெளுத்துச் செத்து நின்ற கல்லைத்தான் பெயர்த்தோம், செத்ததை வெட்டினால் என்ன, பொறுக்கினால் என்ன என்றான்.

"வெள்ளையா இருந்தா செத்ததுன்னு நீங்களே சொல்வீங்களே பாயம்மா. இப்ப மாத்திப் பேசறீங்க."

வேப்பமரத்தடியில் நின்ற சவுரியப்பன்தான் பதில் சொன்னான்.

"வெளுத்தாச் செத்ததுன்னு அர்த்தமில்லம்மா. தண்ணி சுட்டா பாரு வெளுக்கும். உசுரு உள்ளதான் இருக்கும்."

பார் என்றால் கடலுக்குள் இருக்கிற பவளப்பாறை என்று அவனே விளக்கினான். நாலு வருஷத்துக்கு முன்னால் அவன் ஊருக்கு எதிரே இருந்த பார் இப்படித்தான் வெளுத்ததாம். காற்று திரும்பித் தண்ணீர் ஆறியதும் இரண்டு மாதத்தில் நிறம் திரும்பியதாம், மீனும் திரும்பியதாம். முங்கிப் பார்த்தவன் அவனே. இந்தத் தடவை ஆறுவதற்குள் கடப்பாரை போட்டுவிட்டார்கள். கடப்பாரை போட்டவர்களில் தானும் ஒருவன் என்பதையும் அவன் மறைக்கவில்லை.

"கூலித் தகராறுங்க," என்றான் கோவிந்தன். "அந்த ஆத்திரத்துல கதை கட்டறான்."

ஹசீனா சவுரியப்பனைப் பார்த்தாள். "தகராறு உண்டா?"

"உண்டும்மா. அதுக்காக நாஞ் சொல்றது பொய்யாயிருமா?"

"அங்கயே சொல்லாம இவ்வளவு தூரம் எதுக்கு வந்தே?"

"அங்க சொல்லிப் பார்த்தாச்சு. வாங்குறவங்க நிறுத்தினாத்தான் வெட்டுறது நிக்கும்."

இரண்டு பேரையும் அவள் நம்பவில்லை. ஆனால் கையில் இருந்த கல்லின் விளிம்பு பொய் சொல்லவில்லை. லோடைத் திருப்பி ஏற்றச் சொன்னாள்.

கோவிந்தன் சிரித்தான். சேலத்துப் பக்கம் வாங்கக் காளவாய் பத்து இருக்கிறது என்றான். பிறகு குரலைத் தாழ்த்தி, "சித்திரையில ரெண்டு லோடு எரிச்சீங்களே, அது யார் கணக்குல? நான் வாய் தொறந்தா உங்க வூட்டு அடுப்பும் சேர்ந்து அணையும்," என்றான்.

ஹசீனா கையில் இருந்த கல்லை ஒரு பைக்குள் போட்டாள். பேசாமல் இருந்தால் காளவாய் இருக்கும், இவன் பிடியில் இருக்கும். ஒவ்வொரு வெயில் காலத்திலும் வெள்ளைக் கல் வரும், இவன் செத்ததென்பான், அவள் தலையாட்ட வேண்டும்.

"நீ தொறக்க வேணாம். நானே போய்ச் சொல்றேன்," என்றாள். லாரி நம்பரைக் கரித்துண்டால் சுவரில் எழுதினாள். அதிகாரி வந்து பார்க்கும்வரை லோடு கிளம்பாதபடி பார்த்துக்கொள்ளச் சொல்லித் தீர்த்தம்மாளின் புருஷன் பெரியண்ணனை லாரிக்கு முன்னால் கட்டிலைப் போட்டுப் படுக்க வைத்தாள். சீல் வைத்துவிட்டால் என்ன செய்வீர்கள் என்று தீர்த்தம்மாள் கேட்டதற்கு, ஓடைக்கல் வேகவைக்க விடச்சொல்லிக் கேட்கிறேன், விடாவிட்டால் அப்புறம் பார்ப்போம் என்றாள். அதைச் சொல்லும்போது அவள் குரல் இறங்கித்தான் இருந்தது.

மூன்று மணி தர்மபுரி பஸ்ஸில் சவுரியப்பனையும் கூட்டிக்கொண்டு ஏறினாள். முங்கிப் பார்த்ததை அதிகாரியிடம் அவன் வாயாலேயே சொல்ல வேண்டும். அவன் கல் இருந்த பையைத் தூக்கிக்கொள்ளக் கை நீட்டினான். அவள் கொடுக்கவில்லை. அவனை முன் சீட்டில் உட்காரச் சொல்லிவிட்டு, பையை மடியில் இறுக்கிக்கொண்டு, வழியில் எங்கேயும் இறங்கி அவன் நழுவிவிடாதபடி தர்மபுரி வரைக்கும் அவன் பிடரியையே பார்த்துக்கொண்டு போனாள்.