சுவருக்கு அந்தப் பக்கம்

வலது கால் சாக்ஸ் மட்டும் ஏற மாட்டேன் என்றது. இடது காலில் ஒரே இழுப்பில் ஏறிவிட்டது. இது பாதி தூரம் வந்து நின்றுகொண்டது. தம்பியின் காலை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, குளிக்க மாட்டேன் என்கிற பிள்ளையோடு மல்லுக்கட்டுகிற மாதிரி அவள் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். இருபத்தெட்டு வருஷமாக வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்த்த கால். குதிகால் வெடிப்பில் நூல் சிக்கிச் சிக்கி நின்றது.

"விடும்மா. பெட்டிக்குள்ள யாரு வந்து காலைப் பாக்கப்போறா?" என்றாள் மகள்.

"நான் பாக்கறேன்ல."

பேண்டை முழங்கால் வரைக்கும் ஒதுக்கினாள். கெண்டைக்காலில் ஒரு தழும்பு இருந்தது. நாலு பல் பதிந்து ஆறிய தழும்பு. நாய்தான் கடித்திருக்க வேண்டும். எந்த வீட்டு நாய், எந்த வருஷம், ஊசி போட்டானா, ஒன்றும் தெரியவில்லை. அவள் புருஷன் போன பிறகு துணைக்கு என்று வந்தவன். பதினாலு வருஷம் ஒரே வீட்டில் இருந்திருக்கிறான்.

"இது எப்போடி?"

"என்னைக் கேட்டா? நீதானே கூட இருந்தே."

மகள் எதையும் மனதில் வைத்துக்கொண்டு சொல்லவில்லை. ஆனாலும் அவளுக்குச் சுருக்கென்றது. சாக்ஸை ஒரு வழியாக ஏற்றிவிட்டு, பேண்டை இறக்கி, மடிப்பு கலையாமல் நீவிவிட்டாள்.

கீழ்வீட்டு டீச்சர் ஃப்ளாஸ்கில் டீ கொண்டுவந்தாள். நேற்று சாயங்காலம் முதலில் ஓடிவந்தது அவள்தான். டாக்டரைக் கூப்பிட்டதும், மகளுக்குப் போன் போட்டதும் அவள்தான். டீயை ஊற்றிக்கொண்டே, வந்ததிலிருந்து ஐந்தாவது தடவையாகச் சொன்னாள்: "தூக்கத்துலயே போறதுக்கெல்லாம் குடுத்து வச்சிருக்கணும். ஒரு வலி இல்லை, ஒரு சத்தம் இல்லை."

அவள் டீயை வாங்கி ஜன்னல் கட்டையில் வைத்தாள். குடிக்கவில்லை.

சவப்பெட்டிக்காரர் இரண்டு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். சர்ச்சில் மூன்று மணிக்கு ஆராதனை. அதற்குள் ஒரு வேலை பாக்கி இருந்தது. இறந்தவரைப் பற்றி அரைப் பக்கம் எழுதிக் கொடுக்க வேண்டும், பாஸ்டர் வாசிப்பார், அது அந்தச் சபையின் வழக்கம். மகள் சாப்பாட்டு மேஜையில் தாளும் பேனாவுமாக உட்கார்ந்தாள். பிறந்த தேதி எழுதினாள். வேலை எழுதினாள். கல்யாணம் ஆகவில்லை என்று எழுதினாள். அதோடு பேனா நின்றுவிட்டது.

"மாமாவுக்கு என்னம்மா பிடிக்கும்?"

அவள் யோசித்தாள். பிடிக்காதது என்ன என்று கேட்டால் உடனே சொல்லிவிடுவாள். பிடித்தது என்றால்? சாப்பாட்டில் எது வைத்தாலும் தட்டு காலியாகத் திரும்பி வரும். பாட்டுக் கேட்டு அவள் பார்த்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு எங்கேயோ போவான், நாலு மணிக்கு வருவான். எங்கே என்று அவள் கேட்டதில்லை.

"அமைதியா இருக்கிறது பிடிக்கும்னு எழுது."

மகள் லேசாகச் சிரித்தாள். "அது சரி. நீங்க ரெண்டு பேரும் பேசினாத்தானே சத்தம் வரும்."

பேச்சு நின்றுபோன காரணம் மகளுக்குத் தெரியாது. யாருக்குமே தெரியாது. நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு சாயங்காலம், சீரியலில் யாரோ செத்ததற்கு அவள் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள். வேலையிலிருந்து வந்தவன் சட்டையை ஆணியில் மாட்டிக்கொண்டே, "அத்தான் போனப்போ ஒரு சொட்டு வரலை. இவங்களுக்கு இவ்வளவு வருதே, அக்கா" என்றான். கேலியாகத்தான் சொன்னான். பொய்யாக இருந்திருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டு மறந்திருப்பாள். உண்மையாகப் போய்விட்டதால் பேச்சை நிறுத்தினாள். அவனும் ரோஷக்காரன். யார் முதலில் வாயைத் திறப்பது என்று பார்த்துக்கொண்டிருந்ததில் நாலு வருஷம் ஓடிவிட்டது.

பேச்சை நிறுத்தலாம், வயிற்றை நிறுத்த முடியுமா? சாப்பாடு ஆனதும் நடுச்சுவரில் கரண்டிக் காம்பால் ஒரு தட்டு தட்டுவாள். அவன் வந்து சோற்றுத் தட்டை எடுத்துக்கொண்டு போவான். டிவி சத்தம் அதிகமானால் அந்தப் பக்கத்திலிருந்து இரண்டு தட்டு வரும். இவள் குறைப்பாள். அந்த வீட்டில் பேச்சுவார்த்தை என்று இருந்தது அவ்வளவுதான். "தந்தி ஆபீஸ் தோத்துது போ" என்று மகள் வரும்போதெல்லாம் கிண்டல் செய்வாள். இவளும் சிரிப்பாள்.

நேற்று ஆறரை மணிக்கு இரண்டு தட்டு கேட்டது. அவள் சத்தத்தைக் கொஞ்சம் குறைத்தாள். மறுபடியும் இரண்டு. இன்னும் கொஞ்சம் குறைத்தாள். பிறகு மூன்று. அப்புறம் கணக்கே இல்லாமல், விட்டு விட்டு. அவளுக்குச் சுர்ரென்று ஏறியது. "நாள் பூரா உழைச்சு அரை மணி நேரம் உக்கார்றேன், அதுகூட உனக்குப் பொறுக்கலையா" என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள். ரிமோட்டை எடுத்து, இதற்கு மேல் சத்தம் இல்லை என்கிற வரைக்கும் அமுக்கினாள். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. தட்டுவது நின்றது. ஜெயித்துவிட்டோம் என்று அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. சீரியலை முழுதாகப் பார்த்தாள்.

ஏழு மணிக்கு, நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டே தீருவது என்று அவன் அறைக்குப் போனாள். நாலு வருஷத்தில் முதல் தடவையாக அவனிடம் பேசப்போகிறோம் என்பதுகூட அப்போது தோன்றவில்லை. அவன் தரையில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தான். விரல் முட்டிகளில் சுண்ணாம்பு ஒட்டியிருந்தது. உடம்பில் சூடு இருந்தது. வாய் திறந்திருந்தது.

அவள் கத்தவில்லை. அவன் மெத்தை தரையில்தான் கிடந்தது. அக்குளில் கை கொடுத்து இழுத்து அதில் படுக்க வைத்தாள். கண்ணை மூடினாள், வாயை மூடினாள். ஈரத்துணியால் விரல்களைத் துடைத்துப் போர்வைக்குள் வைத்தாள். எல்லாவற்றையும் காதும் காதும் வைத்த மாதிரி முடித்துவிட்டுத்தான் கீழே போய் டீச்சரைக் கூப்பிட்டாள். "சாயங்காலம் படுத்தவன் எந்திரிக்கலை" என்றாள். அந்த வார்த்தை எப்படி அத்தனை சுலபமாக வந்தது என்று அவளுக்கு இப்போதும் புரியவில்லை.

ராத்திரியெல்லாம் அவளைத் தின்றது ஒரே கேள்விதான். அந்த வாய் மூச்சுக்காகத் திறந்ததா, இல்லை, அக்கா என்று கூப்பிடத் திறந்ததா? கூப்பிட்டிருந்தால் அந்தக் குரலை அவளே டிவியை வைத்து அமுக்கியிருக்கிறாள். கூப்பிடவில்லை என்றால், சாகிறபோதுகூட அவளிடம் பேச அவனுக்கு மனம் வரவில்லை. இரண்டில் எதைத் தாங்க முடியும் என்று அவளால் சொல்ல முடியவில்லை. ஆனால் எது என்று தெரியாமல் இருக்கவும் முடியவில்லை.

"கடைசி வரி வாசிக்கறேன், கேளு," என்றாள் மகள். "'நேற்று மாலை, தூக்கத்திலேயே, எந்த வேதனையும் இல்லாமல், அமைதியாகக் கர்த்தரிடம் சேர்ந்தார்.' போதுமா?"

"போதும்."

தாளை வாங்கிப் போக பாஸ்டரே வந்தார். சின்ன வயதுக்காரர், சபைக்கு வந்து எட்டு மாதம்தான் ஆகிறது. நாற்காலியை இழுத்து அவளுக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டு, ஒளிக்காமல் சொன்னார். "அவர் கடைசி பெஞ்சில உக்காருவார். நான் ஆசீர்வாதம் சொல்லி முடிக்கறதுக்குள்ள எழுந்து போயிடுவார். ஒரு தடவைகூட அவரோட பேசினதில்லை. வருத்தமா இருக்கும்மா."

"எனக்கும் அவனைத் தெரியாது பாஸ்டர்."

அவர் அதைத் துக்கத்தில் சொல்கிற பேச்சாக எடுத்துக்கொண்டார். "மனுஷங்களுக்கு மனுஷங்களை எவ்வளவு தெரியும்? படைச்சவருக்கு அவரை முழுசாத் தெரியும்மா. எந்தத் தெருவில நடந்தார், எங்க களைச்சு உக்காந்தார், வாய்விட்டுச் சொல்லாம எதையெல்லாம் உள்ளேயே வச்சிருந்தார், ஒண்ணு விடாம. நம்மளை ஒருத்தருக்காவது முழுசாத் தெரியும்ங்கறதுதான் நமக்கெல்லாம் ஆறுதல்."

"எந்த வீட்டு நாய் கடிச்சதுன்னும் தெரியுமா?"

"தெரியும்மா."

"நேத்து சாயங்காலமும்?"

"நேத்து சாயங்காலம் அவர் தனியா இல்லை. நீங்க பக்கத்து ரூம்ல இருந்தீங்க. ஆண்டவர் அவர் ரூம்லயே இருந்தார்."

"அப்போ அவருக்குக் கேட்டிருக்கும்."

"எது?"

"ஒண்ணுமில்லை பாஸ்டர்."

ஆண்டவருக்கு எல்லாம் தெரியும் என்பது அவள் சின்னப் பிள்ளையாக சர்ச்சின் ஓய்வுநாள் பள்ளியில் உட்கார்ந்த நாளிலிருந்து கேட்ட வார்த்தை. ஒரு நாளும் அது அவளைத் தொந்தரவு செய்ததில்லை. இப்போது செய்தது. அந்த அறையில் இருந்தவர் இந்த அறையிலும் இருந்திருப்பாரே. ரிமோட்டை அமுக்கின கட்டைவிரலைப் பார்த்திருப்பார். ஜெயித்துவிட்டோம் என்று அவள் காலை நீட்டி உட்கார்ந்ததையும் பார்த்திருப்பார். பார்த்துக்கொண்டு ஏன் சும்மா இருந்தார்? ஒரு நிமிஷம் கரண்ட்டை நிறுத்தியிருக்கலாமே. தினம் நிற்கிற கரண்ட்டுதானே. நேற்று ஒரு நாள் பார்த்து நிற்காமல் ஓடியது. அவர் மேல் அவளுக்குக் கோபம் கோபமாக வந்தது. ஆனால் அவன் கூப்பிட்டானா இல்லையா என்று தெரிந்தவர் அவர் ஒருவர்தான். வேறு யாரிடம் போய்க் கேட்பது?

மூன்று மணிக்கு சர்ச்சில் நாற்பது பேர் இருந்தார்கள். மீட்டர் ஆபீசிலிருந்து சீருடையோடு சிலர் வந்திருந்தார்கள். அவள் முதல் வரிசையில், மகளுக்கும் டீச்சருக்கும் நடுவில் உட்கார்ந்தாள். திறந்த பெட்டி இரண்டடி தள்ளி இருந்தது. ஒரு பாட்டுப் பாடினார்கள். பாஸ்டர் தாளைப் பிரித்து வாசிக்க ஆரம்பித்தார். பிறந்த தேதி. வேலை. அமைதியை விரும்பியவர். ஆதரவாக இருந்த அக்கா, அவரைத் தன் பிள்ளையைப் போலப் பார்த்துக்கொண்டவர்.

அக்காவைப் பற்றிய அந்த வாக்கியத்தை மகள் அவளுக்கு வாசித்துக் காட்டவில்லை.

"நேற்று மாலை, தூக்கத்திலேயே..."

"அவன் தூங்கலை."

உட்கார்ந்தபடி சொன்னதாகத்தான் நினைத்தாள். சொன்ன பிறகு எழுந்து நிற்கிறோம் என்பது தெரிந்தது. பாஸ்டர் தாளிலிருந்து கண்ணை எடுத்தார்.

"தூங்கலை. சுவத்தைத் தட்டினான். ரொம்ப நேரம் தட்டினான். எனக்குக் கேட்டுது. நான் டிவி சத்தத்தைக் கூட்டி வச்சேன். அப்புறம் நான்தான் இழுத்துப் படுக்க வச்சேன்."

இப்போது எல்லாரும் காறித் துப்புவார்கள் என்று அவள் நின்றுகொண்டிருந்தாள். துப்பினால் தேவலை என்று இருந்தது. பின்னால் யாரோ, "ஐயோ பாவம்" என்றார்கள். அது தம்பிக்கு இல்லை, அவளுக்கு. டீச்சர் அவள் தோளைப் பிடித்து உட்கார வைத்தாள். "ராத்திரி பூரா ஒரு பொட்டுக் கண் மூடலை," என்று பின்வரிசைக்குத் திரும்பிச் சொன்னாள். "என்னென்னமோ மனசுல ஓடுது அவங்களுக்கு. நான் நேர்ல பாத்தேனே, குழந்தை மாதிரி தூங்கிட்டிருந்தார்."

"நான் சொல்றது நிஜம்," என்றாள் அவள் மகளிடம்.

மகள் அழுதுகொண்டே அவள் கையை எடுத்துத் தன் கைக்குள் பொத்திக்கொண்டாள். "சரிம்மா. சரி. நீ மாமாவை எப்படிப் பாத்துக்கிட்டேன்னு எங்களுக்குத் தெரியாதா?"

யாரோ தண்ணீர் பாட்டிலை நீட்டினார்கள். மகள் மூடியைத் திறந்து வாயருகே கொண்டுபோனாள். அவள் இரண்டு வாய் குடித்தாள். இனி யாரிடம் சொன்னாலும் இதுதான் கிடைக்கும் என்று புரிந்தது. தண்ணீரும், முதுகில் ஒரு தடவலும். சாகிற வரைக்கும் அவள் நல்ல அக்காவாகவே இருந்தாக வேண்டும்.

பாஸ்டர் இறங்கி வந்தார். வாசித்த தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, அவள் தலையில் கை வைத்தார். "ஜெபிப்போம்" என்றார். எல்லாரும் கண்ணை மூடினார்கள். அவள் மூடவில்லை.

"ஆண்டவரே, இந்தச் சகோதரியை நாங்கள் வெளியிலிருந்துதான் பார்க்கிறோம். உமக்கு இவர்களைத் தெரியும். நேற்று மாலை அந்த வீட்டில் நடந்தது எல்லாம் உமக்குத் தெரியும். இவர்கள் செய்தது அத்தனையும் உமக்குத் தெரியும்..."

ஆறுதலுக்காகத்தான் அவர் சொன்னார். அவள் பெட்டிக்குள் தெரிந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாயை அவள் மூடியது மூடினபடி இருந்தது.

ஜெபம் முடிந்தது. நாற்பது பேரும் ஆமென் சொன்னார்கள். பெஞ்சுகள் கிரீச்சிட்டன, யாரோ இருமினார்கள், சவப்பெட்டிக்காரர் மூடியைத் தூக்கிக்கொண்டு முன்னால் வந்தார்.

"ஆமென்" என்றாள் அவள்.

தனியாக, கொஞ்சம் சத்தமாகவே வந்துவிட்டது. மூடியோடு வந்தவர் அவள் இன்னும் ஏதோ சொல்லப்போகிறாள் என்று நினைத்து, கனம் தோளில் இறங்க, அப்படியே நின்று காத்திருந்தார்.