எழுபத்தைந்தோடு முடிந்த தாள்

டாக்டர் நல்ல செய்தி சொன்ன அன்று எங்கள் வீட்டில் யாரும் சாப்பிடவில்லை.

என் வீட்டுக்காரருக்கு எழுபத்தாறு வயது, எனக்கு எழுபத்திரண்டு. படியேறினால் கொஞ்சம் தலை சுற்றுகிறது என்று சொன்னதால் நான்தான் இழுத்துக்கொண்டு போனேன். எல்லாச் சோதனையும் எடுத்தார்கள். டாக்டர் காகிதங்களைப் புரட்டிவிட்டு நிமிர்ந்தார்.

"ஐயா, சர்க்கரை, கிட்னி எல்லாம் சுத்தமா இருக்கு. இதயம் நாப்பது வயசுக்காரனுக்கு இருக்கிற மாதிரி இருக்கு. பிரஷர் மட்டும்தான் எகிறுது. உங்க வீட்டம்மா போடுற அதே மாத்திரை, காலையில ஒண்ணு. அதை மட்டும் விடாம போடுங்க, தொண்ணூறைத் தாராளமா தாண்டிடுவீங்க."

"தொண்ணூறா?" என்று கேட்டார் இவர்.

சந்தோஷத்தில் வாயடைத்துப் போய்விட்டார் என்று டாக்டர் நினைத்திருக்க வேண்டும், தோளில் தட்டிக் கொடுத்து அனுப்பினார். எனக்கு அந்த முகம் தெரியும். வீட்டை விற்றுச் சாவியைக் கொடுத்த அன்று அந்த முகத்தைத்தான் வைத்துக்கொண்டிருந்தார். பேருந்துக்குக் காத்திருந்தபோது ஒரே ஒரு வார்த்தை சொன்னார்.

"இன்னும் பதினாலு வருஷம்."

எங்களிடம் பதினான்கு மாதத்துக்குத்தான் பணம் இருந்தது.

ஊதாரித்தனத்தால் வந்த வினை என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். எங்களைப் போல் திட்டம் போட்டுக் குடும்பம் நடத்தியவர்களை நான் பார்த்ததில்லை. இவர் பல்ப் தொழிற்சாலையில் ஆயுள் சோதனைப் பிரிவில் இருந்தார். ஒவ்வொரு தயாரிப்பிலிருந்தும் நாற்பது பல்பை எடுத்துச் சட்டத்தில் மாட்டி எரியவிட வேண்டும். எது எத்தனை மணி நேரத்தில் அணைகிறதோ அதைப் பதிவேட்டில் எழுதி, சராசரி போட்டு, அட்டைப்பெட்டியில் அச்சடிக்கும் எண்ணைக் கொடுக்க வேண்டும். அங்கே இவருக்கு 'ஆயுசு' என்று பெயர். உள்ளே நுழைந்ததும் நூறு ஆயுசு என்று யாராவது கூவுவார்களாம், இவரும் தினமும் சிரித்துவிட்டு வருவாராம்.

கல்யாணமான புதிதில் ஒரு நாள் கேட்டேன். சில பல்பு அணையவே அணையாமல் எரிந்துகொண்டிருந்தால் என்ன செய்வீர்கள் என்று.

"அடுத்த நாப்பது வந்து நிக்குமில்ல? இடம் வேணுமே. எரியறப்பவே துணியைச் சுத்திக் கழட்டிடுவோம். பதிவேட்டுல மணி எழுத மாட்டோம், 'நிறுத்தப்பட்டது'ன்னு எழுதுவோம்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "நல்லா எரியறதைக் கழட்டறப்ப ஒரு மாதிரி சங்கடமாத்தான் இருக்கும்" என்றார்.

அந்த மனிதர்தான் எங்கள் இருவருடைய வாழ்க்கைக்கும் ஒரு தாளில் கணக்குப் போட்டார். அவருக்கு ஐம்பது வயதில் இருவரும் வேலையை விடுவது, அதற்குப்பிறகு யாருக்கும் கைகட்டி நிற்காமல் இருப்பது என்று திட்டம். இருபது வருடம் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்தோம். மகளுக்குச் செருப்பு வாங்கினால் ஒரு அளவு பெரியதாக வாங்கிப் பஞ்சு வைத்துக் கொடுப்போம். நான் பேருந்து நிலையத்தில் முன்பதிவு ஜன்னலில் இருந்தேன். எனக்கு அந்த ஜன்னல் பிடிக்கும். யார் எங்கே போகிறார்கள், யார் யாரோடு ஓடிப்போகிறார்கள் என்பதெல்லாம் எனக்குத்தான் முதலில் தெரியும். நாற்பத்தாறு வயதில், உடம்பில் ஒரு குறையும் இல்லாமல், திட்டம் முடிந்துவிட்டது என்பதற்காக அந்த நாற்காலியைவிட்டு எழுந்து வந்தேன். அதற்காக இவரை இன்னும் முழுதாக மன்னிக்கவில்லை.

ஒன்றும் மிச்சம் வைக்கக்கூடாது என்பது இவருடைய கொள்கை. மகளுக்குரியதைக் கல்யாணத்தோடு கொடுத்தாகிவிட்டது. அறுபத்தைந்தில் வீட்டை விற்று அந்தப் பணத்தையும் திட்டத்தில் சேர்த்து வாடகைக்கு வந்தோம். "செத்த பிறகு வீட்டை வெச்சுக்கிட்டு என்ன பண்றது? கடைசி நாள்ல கணக்கு சைபர்ல நிக்கணும்" என்பார். வருடத்தின் முதல் நாள் காலையில் ஒரு பிளாஸ்டிக் உறையிலிருந்து தாளை எடுத்து, இந்த வருடம் இவ்வளவு செலவழிக்கலாம் என்று ஒரு எண்ணை வாசிப்பார். தாளைப் பார்த்தாலே எனக்குக் கொட்டாவி வரும், வாங்கிப் பார்த்ததே இல்லை.

டாக்டரைப் பார்த்துவிட்டு வந்த மறுநாள்தான் பார்த்தேன். மேசையில் விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இரண்டு பத்திகள், அவருக்கு ஒன்று எனக்கு ஒன்று. அவருடையது எழுபத்தைந்தில் முடிந்திருந்தது. என்னுடையது அதற்குக் கீழே ஒரு வரி கூடுதலாகப் போய் எழுபத்திரண்டில் நின்றிருந்தது. அதற்குக் கீழே அழகாக ஸ்கேல் வைத்துக் கோடு போட்டிருந்தார்.

"இது என்ன?"

"எங்கப்பா அம்பத்தெட்டு. தாத்தா அம்பத்தெட்டு. பெரியப்பா அறுபத்தொண்ணு, சித்தப்பா அறுபத்து மூணு. சராசரி அறுபது. எதுக்கும் இருக்கட்டும்னு பதினஞ்சு சேர்த்தேன்."

"எனக்கு?"

"உங்கம்மா அறுபத்து நாலு. உங்க பெரியம்மா அறுபத்தேழு, சின்னம்மா எழுபது. சராசரி அறுபத்தேழு. அதோட அஞ்சு."

"உங்களுக்குப் பதினஞ்சு, எனக்கு அஞ்சா?"

"உன் சராசரியே அதிகமா இருந்துச்சேம்மா" என்றார், நியாயம் பேசுகிறவரைப் போல.

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. இருபத்தாறு வருடமாக என் பக்கத்தில் படுத்துக்கொண்டு, என் கையால் சாப்பிட்டுக்கொண்டு, என்னை எழுபத்திரண்டில் முடித்து வைத்திருந்திருக்கிறார். அந்த எழுபத்திரண்டில்தான் நான் அப்போது நின்றுகொண்டிருந்தேன்.

"மூணு நாலு பேரை வெச்சு சராசரி போடுவாங்களா? பல்புக்கே நாப்பது எடுப்பீங்க" என்றேன். தாளை மடித்து உறைக்குள் வைத்தார். நான் அதோடு விட்டிருக்கலாம், விடவில்லை. அன்று முழுவதும் கரித்துக் கொட்டினேன்.

அடுத்த வாரம் இவர் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு காவலாளி வேலைக்கு ஆள் எடுக்கும் இடத்துக்குப் போனார். அங்கே இருந்த பெண் வயதைக் கேட்டுவிட்டு, யாருக்கு வேலை, உங்கள் மகனுக்கா என்று கேட்டாளாம். வந்து அதைச் சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்கும் போக ஆசைதான், ஆனால் என் ஜன்னலை மூடி எட்டு வருடமாகிவிட்டது. இப்போது எல்லோரும் போனிலேயே டிக்கெட் எடுக்கிறார்கள்.

கடைசியில் மகளிடம் சொல்வதென்று முடிவு செய்தோம். ஸ்பீக்கரில் போட்டு நடுவில் வைத்துக்கொண்டு பேசினோம். அவள் கெட்டவள் இல்லை, அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். இரண்டு அறை உள்ள வீடு, இரண்டு பிள்ளைகள், வீட்டுக் கடன், மாமியார் வேறு அங்கேதான் இருக்கிறார்.

"எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியலைம்மா. ஒருத்தர்னா எப்படியாவது சமாளிச்சுடலாம். பிள்ளைங்க ரூம்ல ஒரு கட்டிலைப் போட்டுடலாம். ரெண்டு பேருன்னா…"

"இப்போ அதுக்கு அவசரமில்லடா. இன்னும் ஒரு வருஷத்துக்கு மேல இருக்கு" என்றார் இவர். பிள்ளைகளின் பரீட்சை பற்றி விசாரித்தார். போனை வைத்துவிட்டுச் சிறிது நேரம் ஜன்னலோரம் நின்றிருந்தார்.

அதற்குப்பிறகுதான் மனிதர் மாறினார். முகம் தெளிந்துவிட்டது. நான் திட்டினால் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். குழாயில் சொட்டியதைச் சரி செய்தார், கதவின் கிறீச்சை எண்ணெய் விட்டு நிறுத்தினார். எந்தக் கணக்கு எந்த வங்கியில் இருக்கிறது, எந்தத் தேதியில் எதைக் கட்ட வேண்டும் என்று என்னை உட்கார்த்தி வைத்துச் சொல்லிக் கொடுத்தார். தினமும் காலையில் பட்டையிலிருந்து ஒரு மாத்திரை எனக்குப் பிதுக்கிக் கொடுத்துவிட்டு, தனக்கு ஒன்றை எடுத்துக்கொண்டு, தண்ணீர் டம்ளரோடு பால்கனிக்குப் போவார். ஒருவழியாக மனதைத் தேற்றிக்கொண்டார் என்று நான் நிம்மதியாக இருந்தேன். என்னைப் போல் மடைச்சி உண்டா?

ஒரு நாள் காலை பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் கையிலிருந்து பிரஷ் விழுந்தது. எடுக்கக் குனிந்தார், குனிந்தபடியே சரிந்தார். நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டிருந்தது. என் பெயரைச் சொல்ல முயன்றார், முதல் எழுத்துகூட வரவில்லை.

மருத்துவமனையில் என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார், எடுத்து வாருங்கள் என்றார்கள். வீட்டுக்கு வந்தேன். பட்டையில் எண்ணிக்கை சரியாகத்தான் இருந்தது. டாக்டரின் பழைய மருந்துச் சீட்டு எங்காவது இருக்குமா என்று அலமாரியைக் குடைந்தபோது, மேல் தட்டில் பழைய பல்ப் அட்டைப்பெட்டி ஒன்று கையில் கிடைத்தது. ஆட்டினால் சத்தம் வந்தது. திறந்தேன். உள்ளே நாற்பது மாத்திரைகள். கூடவே ஒரு சீட்டு. அவருடைய குண்டு குண்டான கையெழுத்து.

'இதுவும் உன் மாத்திரைதான். நாற்பது நாளைக்கு வாங்க வேண்டாம்.'

சீட்டுக்கு அடியில் ஒரு புதுத் தாள் மடித்திருந்தது. அதிலும் இரண்டு பத்திகள். என்னுடையது கீழே கீழே இறங்கிக்கொண்டே போனது. எழுபத்தைந்து வரை தனி அறை, வாடகை இவ்வளவு, சாப்பாடு இவ்வளவு. எழுபத்தாறிலிருந்து மகள் வீடு. தாளின் அடியில் இடம் போதாமல் பின்பக்கமும் எழுதி, என்னைத் தொண்ணூற்றைந்து வரை கொண்டுபோய் விட்டிருந்தார். அதற்குக் கீழே கோடு போடவில்லை. அவருடைய பத்தியில் ஒரே ஒரு வரிதான். எழுபத்தாறு என்று போட்டு, எதிரில் 'நிறுத்தப்பட்டது' என்று எழுதியிருந்தார்.

எல்லாவற்றையும் பெட்டிக்குள் வைத்து மூடினேன். ஐந்து வருடம்தான் கொடுத்தீர்களா என்று கேட்டேனே, அந்த என் வாயை என்ன செய்வது?

திரும்பிப் போனபோது மகள் வந்திருந்தாள். அழுது அழுது கண் வீங்கியிருந்தது. படுக்கையின் அந்தப் பக்கம் நின்றுகொண்டு அப்பாவின் விழுந்துபோன கையைப் பிடித்திருந்தாள்.

"அப்பா மாத்திரையை ஒழுங்காப் போட்டாராம்மா? டாக்டர் அதைத்தான் திரும்பத் திரும்பக் கேக்கறாங்க. விட்டிருந்தா சொல்லுங்கன்னு."

இவர் என்னையே பார்த்தார். ஒரு கண் பாதி மூடியிருந்தது, இன்னொரு கண் என் முகத்தைவிட்டு நகரவில்லை. மகள் போனில் சொன்ன அந்த 'ஒருத்தர்னா' என்ற வாக்கியம் எனக்கு நினைவிருந்தது, இவருக்கும் நினைவிருந்தது. அவளுக்கு மட்டும் அது இதுவரை நினைவுக்கு வரவில்லை. வந்தால் அவள் தாங்கமாட்டாள்.

"போட்டாரே. ஒரு நாள்கூட விடலை. என் கண்ணு முன்னாடிதான் போடுவாரு" என்றேன்.

அந்தத் திறந்திருந்த கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து தலையணைக்குள் இறங்கியது. தொண்ணூறு என்று சொன்ன அதே டாக்டரைத் தனியாகப் பார்த்து உண்மையைச் சொன்னேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு, பேச்சு திரும்புவது கஷ்டம், நடப்பது அதைவிடக் கஷ்டம், ஆனால் இதயம் பலமாக இருப்பதால் உயிருக்குப் பயமில்லை, கவனித்துக்கொண்டால் இப்படியே பல வருடம் இருப்பார் என்றார். இந்த முறை யார் தோளிலும் தட்டவில்லை.

மருத்துவமனையில் இருந்த இருபத்திரண்டு நாளில் எட்டு மாதப் பணம் போயிற்று. இவர் தாளில் அதற்கு வரி இல்லை. போய்விடுவோம் என்றுதான் எழுதினாரே தவிர, பாதியில் நின்றுவிடுவோம் என்று அவர் யோசிக்கவே இல்லை. அப்பாவை ஏதாவது இல்லத்தில் சேர்த்துவிட்டு நீ என்னோடு வந்துவிடு என்று மகள் கேட்டாள், மாட்டேன் என்றேன். இந்த வாடகை வீட்டிலேயே அவர் கட்டிலை ஜன்னலோரம் நகர்த்திப் போட்டிருக்கிறேன்.

வீட்டுக்கு வந்த முதல் நாள் காலையில் அட்டைப்பெட்டியை அவர் கண் முன்னாலேயே திறந்தேன். ஒரு மாத்திரையைக் கரண்டியில் வைத்துப் பொடித்துத் தண்ணீர் விட்டுக் கலக்கி வாயருகே கொண்டுபோனேன். பற்களைக் கடித்துக்கொண்டார். இயங்குகிற பாதி முகத்தின் பலத்தையெல்லாம் அதற்கே செலவழித்தார். தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினார்.

"இங்க பாருங்க" என்றேன். "நாலு மாசத்துக்கு இருக்கு. ரெண்டு பேருக்கும் சேர்த்துத்தான் சொல்றேன். அதுக்கப்புறம் என்ன பண்றதுன்னு எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது, எழுதி எழுதிப் பாத்தீங்களே, என்ன ஆச்சு? பேசாம வாயைத் திறங்க."

கரண்டியைப் பிடித்துக்கொண்டு கை வலிக்க நின்றேன். வெளியே தண்ணீர் லாரி வந்து நின்ற சத்தம் கேட்டது. போய்ப் பிடிக்க வேண்டும், பிடிக்காவிட்டால் இன்றைக்குத் தண்ணீர் இல்லை, ஆனாலும் நகரவில்லை. கடைசியில் வாய் திறந்தது. பாதிதான் திறந்தது. மாத்திரை சின்னது, அது போதுமாக இருந்தது.