எங்கட விலாசத்து ஆக்கள்

கதவடியில கடிதம் விழுந்தாலே என்ர மனுசன் கிறிஸ்துராஜாவுக்கு எரிச்சல். "மெற்றில்டா, இது வீடோ, தபால் கந்தோரோ?" எண்பார். நான் என்ன செய்ய? மன்னாரில இருந்து வாற பெடியள் அடிக்கடி அறை மாறுவாங்கள். அகதி விசாரணைக் கடிதம் தவறினால் அவங்கட பாடு துலைஞ்சுது. அதால லண்டன் பிளேஸ்டோவில நாங்கள் இருந்த வீட்டு விலாசத்தை அவங்களுக்குக் குடுத்து வைச்சிருந்தன். எங்கட சனம் அப்பிடித்தானே.

தொண்ணூற்றிரண்டில ஹரோவில ஒரு வீடு பிடிச்சுது. மகள் அஞ்சலீனாவுக்கு முட்டு வருத்தம், ஈரம் பட்டால் மூச்சு இழுக்கும். நாங்கள் இருந்த வாடகை வீட்டுச் சுவரெல்லாம் பூஞ்சணம். ஹரோ வீடு நல்ல காய்ஞ்ச வீடு. அதை வாங்கக் கடன் கேட்டு வங்கிக்குப் போனம். சம்பளமெல்லாம் சரியாம். பிறகு அந்தக் கந்தோர் வெள்ளைக்காரர் கொம்பியூட்டரைத் தட்டினார், முகம் மாறிச்சு.

எங்கட விலாசத்தில கனபேரின்ர பேர் கிடக்காம். இப்பிடியான வீட்டை நம்ப ஏலாதெண்டு கொம்பியூட்டர் தள்ளிப்போட்டுதாம்.

"ஆரார் எண்டு காட்டுங்கோ," எண்டன்.

"ஏலாது. அது அவையின்ர சொந்த விபரம்."

அட கடவுளே! சோறு போட்டவள் பாக்கக்கூடாது, முன்பின் தெரியாத பெட்டி பாக்கலாமாம்.

அவர் கெட்ட மனுசரில்லை. ஒரு வழி சொன்னார். இவையைத் தெரியாது, கேளாமல் எங்கட விலாசத்தைப் பாவிச்சிட்டினம் எண்டு கையெழுத்து வைச்சால் கடன் கிடைக்கும்.

"அப்ப அவங்களுக்கு?"

"பொய் விலாசம் குடுத்தவை எண்டு பதியும்."

கிறிஸ்துராஜா பேனையை எடுத்திட்டார்.

"வையுங்கோ அதை!" நான் போட்ட சத்தத்தில கந்தோரே திரும்பிப் பாத்துது. "எங்கட விலாசத்துக்குக் கடிதம் வாற யோகராஜாவைத் தெரியாதோ? பிள்ளைக்கு மூச்சு முட்டின அண்டைக்கு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினவன் ஆர்? எல்லாரையும் எனக்குத் தெரியுமெண்டு உங்கட பெட்டியில அடியுங்கோ!"

வீடு போச்சு. பஸ்ஸில மனுசன் முகத்தைத் திருப்பி யன்னலுக்கால பாத்துக்கொண்டு வந்தார். எனக்கு அழுகை வந்துது. ஆனாலும் தலை குனியேல்லை.

ஞாயிறு பூசை முடிய ஒருத்தர் வந்தார். செபஸ்தியாம்பிள்ளையாம், லண்டனுக்கு வந்து ஒரு கிழமைதானாம். கடிதம் வர ஒரு விலாசம் வேணுமாம். நான் அஞ்சலீனாவைப் பாத்தன். பிள்ளை இருமிக்கொண்டு நிண்டது. எனக்கு வாய் வரேல்லை.

கிறிஸ்துராஜா முன்னுக்குப் போய் எங்கட விலாசத்தை ஆறுதலாச் சொல்லி எழுதுவிச்சார். "கதவிலயும் உங்கட பேரை ஒட்டிவிடுறன், தபால்காரன் திருப்பிக் கொண்டுபோகக் கூடாது," எண்டார்.

கலியாணத்தண்டைக்குக்கூட இந்த மனுசனை நினைச்சு எனக்கு அவ்வளவு பெருமை வரேல்லை.