தராசுக்குத் தெரியாத கவளம்

மருமகளின் கை இரண்டாவது கரண்டிக்கு நீண்டது. பேராசிரியர் அவள் தட்டுக்கு அடியில் இருந்த தராசைப் பார்த்தார். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தார்.

"போதும்மா. உனக்கு உண்டானது வந்துடுச்சு."

மிரட்டல் இல்லை. அவருக்கு மிரட்டவே வராது. பஸ்ஸில் காலை மிதித்தவனிடம் தானே மன்னிப்புக் கேட்டுவிட்டு வருகிற மனிதர். மருமகள் கையை இழுத்துக்கொண்டாள். அவள் மடியில் கிடந்த கைக்குழந்தை மட்டும், யாருடைய ஆராய்ச்சியையும் படித்ததில்லை என்பதால், பசி தாங்காமல் வீறிட்டது.

பேராசிரியரின் மனைவி, அவளுடைய மாமியார், சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். குழந்தையை எடை போட்ட நர்ஸ் கேட்டது அவள் காதைவிட்டுப் போகவில்லை. "போன மாசத்தைவிடக் குறைஞ்சிருக்கே. பெத்தவளுக்கு வயித்துக்குப் போடறீங்களா இல்லையா?" ஊட்டச்சத்து விஞ்ஞானியின் வீட்டைப் பார்த்துக் கேட்ட கேள்வி.

பேராசிரியர் இருநூற்றுச் சொச்சம் ஆய்வுக் கட்டுரைகள் எழுதியவர். பாதியை அவரே மறந்துவிட்டார், மீதியை உலகம் மறந்துவிட்டது. ஒன்றே ஒன்றுதான் அவரைத் தூக்கி நிறுத்தியது. கல்யாணமான புதிதில், இதே தராசைத் தூக்கிக்கொண்டு தெருவில் வீடு வீடாகப் போய், பெண்களின் தட்டை எடை போட்டு எழுதியது. தட்டில் விழுந்தது கொஞ்சம். ஆனால் மாதாமாதம் நிறுத்துப் பார்த்தால் பெண்களின் உடம்பு இளைக்கவில்லை. ஆகவே பெண்ணுடம்பு சிக்கனமானது, ஆண் சாப்பிடுவதில் பாதி போதும், பால் கொடுப்பவளுக்கு அதன்மேல் ஒரு கைப்பிடி என்று முடித்திருந்தார்.

அந்தக் கட்டுரையை உலகமெல்லாம் மேற்கோள் காட்டியது. பாராட்டியும் காட்டினார்கள், திட்டியும் காட்டினார்கள். எண்ணிக்கையில் இரண்டுக்கும் ஒரே மதிப்பு. தான் பிறகு எழுதியவற்றில் அவரும் மறக்காமல் காட்டினார். அந்தத் துறையில் தன் முதுகைத் தானே தட்டிக்கொள்ளக் கை எட்டும். மற்ற மனைவிகளுக்குப் புருஷனின் சர்க்கரை அளவு மனப்பாடம், அவர் மனைவிக்கு மேற்கோள் கணக்கு. தினமும் காலையில் கம்ப்யூட்டரைத் திறந்து, "இன்னிக்கு ரெண்டு கூடியிருக்கு" என்று அவர் குரல் கொடுப்பார். "அப்படியாங்க" என்று சமையலறை பதில் சொல்லும்.

தராசுக்குத் தெரியாத ஒரு சங்கதி அந்தச் சமையலறைக்குத் தெரியும். ஆம்பிளை முன்னால் வயிறாரச் சாப்பிடுகிற பெண் அந்தத் தெருவில் கிடையாது. தராசு வந்தால் குருவி மாதிரிக் கொத்துவார்கள். அது கிளம்பிப் போனதும் அடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்து சட்டியிலிருந்தே அள்ளிப் போட்டுக்கொள்வார்கள். புதுப்பெண்ணாக இவள் விழித்தபோது, இவளுடைய மாமியார்தான் காதோடு சொன்னாள். "அவன் போகட்டும். சட்டி எங்க போயிடப்போகுது?"

நான் நிறையச் சாப்பிடுகிறேன் என்று புருஷனிடம் சொல்வதைவிட நான் திருடினேன் என்று சொல்லிவிடலாம், அந்தக் காலத்தில். அப்புறம் அவருக்குப் பரிசு வந்தது. அப்புறம் எங்கே சொல்வது?

நேற்றுகூட மருமகளைச் சமையலறைக்குள் இழுத்துப் பார்த்தாள். "வாடி, ரெண்டு வாய் அள்ளிப் போட்டுக்கோ. தராசு தூங்குது."

"வேணாம் அத்தை. எனக்கு ஒளிஞ்சு திங்க வராது. மாமா ஆராய்ச்சி பண்ணித்தானே சொல்றார். அதுக்கு மேலயும் பசிக்குதுன்னா கோளாறு என்கிட்டதான்."

பேங்க்கில் வேலை பார்க்கிற பெண், அச்சில் வந்ததை நம்புகிறவள். முந்தின தலைமுறைப் பெண்கள் அந்தக் கட்டுரையைப் படிக்காததால் பிழைத்தார்கள்.

வாசல் மணி அடித்தது. பேராசிரியரிடம் ஆராய்ச்சி செய்கிற மாணவன், பழக்கூடையோடு உள்ளே வந்தான்.

"சார், மேற்கோள் அஞ்சாயிரம் தாண்டிடுச்சு. அது மட்டுமில்ல, பிரசவ ஆஸ்பத்திரிக்கெல்லாம் புது சாப்பாட்டுத் திட்டம் வருது. பால் கொடுக்கற அம்மாங்களுக்கு நம்ம அளவுதான். கீழ உங்க கட்டுரையைக் காட்டியிருக்காங்க."

"கேட்டியா?" என்று மனைவியைப் பார்த்துச் சிரித்தார் பேராசிரியர். "நம்ம தெருவுல ஆரம்பிச்சது."

அவள் மாணவனிடம் கேட்டாள். "தம்பி, ஆஸ்பத்திரி சமையல்கட்டுக்குள்ள நோயாளிங்க போகலாமா?"

"அதெப்படிம்மா விடுவாங்க?"

அவள் உள்ளே போய்ச் சட்டியோடு வந்தாள். எத்தனையோ வருஷமாக நின்று பரிமாறிய மேசையில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். தராசின் மேல் தட்டை வைத்தாள்.

"என்ன பண்றே?"

"ஆராய்ச்சி." ஒரு கரண்டி போட்டாள். "இது நீங்க எழுதினது." இன்னொன்று, இன்னொன்று, அதற்கும் மேல் ஒன்று. "இதெல்லாம் நீங்க கை கழுவப் போனப்புறம்."

முள் நகர்ந்துகொண்டே போயிற்று. அவள் தட்டை எடுத்து, மூன்று பேரும் பார்க்க, அவசரமே இல்லாமல் சாப்பிட்டாள்.

பேராசிரியர் கேட்டார். "ஏன் சொல்லல?"

"தட்டைத்தானே பார்த்தீங்க."

"எல்லா வீட்டுலயுமா?"

"எல்லா வீட்டுலயும் சட்டி இருந்துச்சுங்க."

மருமகள் மாமியாரையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாமியார் இன்னொரு தட்டை நிரப்பினாள். மருமகள் பழக்கத்தில் அதைத் தராசுப் பக்கம் நகர்த்தப் போனாள். "அங்க வைக்காதேடி. சாப்பிடு." அவள் முதல் கவளத்தை வாயில் வைத்தாள். கண்ணீர் தட்டில் விழுந்தது. அதையும் சேர்த்துச் சாப்பிட்டாள்.

"சார்," மாணவன் மெல்லக் கேட்டான். "திருத்தம் ஒண்ணு எழுதி அனுப்பிடலாமா?"

பேராசிரியர் பழக்கூடையைப் பார்த்தார். "பார்க்கலாம்," என்றார். எதையாவது குழிதோண்டிப் புதைப்பதற்கு அந்தத் துறையில் வழங்கும் சொல் அது.

இரண்டு மாதம் போயிற்று. குழந்தை எடை கூடியது. மேற்கோளும் கூடியது. திருத்தம் எழுதப்படவில்லை. ஒரு காலையில் அவர் பழக்க தோஷத்தில், "இன்னிக்கு மூணு கூடியிருக்கு," என்று குரல் கொடுத்தார். சமையலறை பதில் சொல்லவில்லை. அங்கே யாரும் இல்லை. மாமியாரும் மருமகளும் மேசையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். தராசின் மேல் குழந்தையின் ஈரத்துணி காய்ந்துகொண்டிருந்தது.

அதே நேரம் ஒரு பிரசவ வார்டில், பிள்ளை பெற்றவள் ஒருத்தி காலித் தட்டை இன்னொரு தடவை நீட்டினாள். ஆயா சுவரில் ஒட்டியிருந்த அளவைக் காட்டினாள். சமையல்கட்டுக் கதவு வெளியே பூட்டியிருந்தது.