தவசுக்குப் பிறகு ஆறாவது பாடம்

கொழும்பில் குளிரூட்டிய அறையில் இருந்து எழுதிய ஆறு பாடங்களைப் புத்தளத்துக் கரையோரப் பாடசாலைகளில் கொண்டுபோய்ச் சேர்க்கிற வேலை நபீலாவின் தலையில் விழுந்தது. வலயக் கல்வி அலுவலகத்தில் அவள் சுகாதாரப் பாடத்துக்கு ஆசிரிய ஆலோசகர். பெயர்தான் ஆலோசகர், அதுவரை அவளிடம் ஆலோசனை கேட்டவர் எவரும் இல்லை.

பாடங்களைக் குறை சொல்ல முடியாது. பிள்ளைகளுக்கு வளரும் உடம்பைப் பற்றியும் உறவுகளைப் பற்றியும் பாதுகாப்பைப் பற்றியும் சொல்லிக்கொடுப்பவை. வேறு மாவட்டங்களில் நடத்தி, பிள்ளைகளை முன்னும் பின்னும் கேட்டுப் பார்த்து, பலன் உண்டென்று உறுதி செய்தவை. ஆறையும் ஒன்று விடாமல் படிப்பித்தால்தான் அந்தப் பலன் என்று பயிற்சியில் சொல்லிச் சொல்லியே அனுப்பினார்கள். முதலில் சில பாடசாலைகளில் நடத்திக் காட்டுங்கள், சரி வந்தால் வலயம் முழுக்க எடுத்துக்கொள்வோம் என்றார் பணிப்பாளர்.

அவர் சொல்லிவிட்டுப் போய்விட்டார். நபீலாதான் பஸ் ஏறி அலைந்தாள். முதலில் தன் ஆட்களான முஸ்லிம்களின் பாடசாலைக்குப் போனாள். அதிபர் முத்தலிபு புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, சூடான பாத்திரத்தைத் தொட்டவர் மாதிரி மேசையில் வைத்தார்.

"இது அந்தக் கரைப் புள்ளைகளுக்குத் தேவைதான் டீச்சர். எங்கட புள்ளைகளுக்கு மார்க்கம் இரிக்கிதானே" என்றார்.

அந்தக் கரைக்குப் போனால் அங்கேயும் அதே பாட்டுத்தான். ஆலங்குடாவுக்கு அப்பால் இருந்த கத்தோலிக்க மீனவப் பாடசாலையில், "வெள்ளக்காரன் வந்து திரியிற ஊர்களுக்கு இது வேணும் மிஸ், எங்கட ஊருக்கு எதுக்கு?" என்று அதிபர் கில்பட் தலையைச் சொறிந்தார். ஆனால் அவர் நல்ல மனிதர். கேட்டதை மறுக்கத் தெரியாதவர். பெற்றோரைக் கூப்பிட்டுக் கேட்போம், அவர்கள் சரியென்றால் எனக்கும் சரி என்றார். பெற்றோரின் சம்மதம் பெறுவது நல்ல முறைதான் என்று நபீலாவும் சந்தோசப்பட்டாள்.

கூட்டத்துக்குத் தாய்மார்தான் வந்தார்கள். தகப்பன்மார் கடலில், அல்லது கடலுக்குப் போன களைப்பில். நபீலா ஒவ்வொரு பாடமாகச் சொல்லிக்கொண்டு போனாள். சுத்தம், சாப்பாடு, வளரும் உடம்பு, மாதவிலக்கு, சிநேகிதம். எல்லோரும் தலையாட்டினார்கள். ஆறாவதுக்கு வந்தாள். யார் தொடலாம், யார் தொடக்கூடாது, வேண்டாம் என்று எப்படிச் சொல்வது, யாரிடம் போய்ச் சொல்வது, பிள்ளை உண்டாவது எப்படி. வாங்குகளில் தலையாட்டல் நின்றது. ஒருத்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

றோசமேரிதான் எழுந்தாள். பாடசாலையில் எந்தக் காரியம் என்றாலும் தாய்மாருக்காகப் பேசுகிறவள். பெரிய குரல், அதைவிடப் பெரிய மனசு.

"மிஸ், நாங்க வேணாமெண்டு சொல்லல்ல. புள்ளைகளுக்கு நல்லதுதானே. ஆனா இது தவசு காலம். வீட்டில இறைச்சி சமைக்கிறதில்ல, பாட்டுப் போடுறதில்ல. சிலுவைப்பாதை செய்யிற நாளையில பொம்புளப் புள்ளைகளுக்கு இந்தக் கதையா? மத்த அஞ்சையும் இப்ப படிப்பியுங்க. இதக் கடைசியா, உயிர்த்த ஞாயிறு முடியவிட்டுப் படிப்பியுங்க. ஒருத்தரும் வாய் திறக்க மாட்டம்."

நபீலாவுக்கு அது சட்டென்று விளங்கியது. நோன்பு மாதத்தில் அவளுடைய வீட்டிலும் தொலைக்காட்சிப் பெட்டியைத் துணி போட்டு மூடிவிடுவார்கள். ஒருவருடைய நோன்பின் அருமை இன்னொரு நோன்பாளிக்குத் தெரியாதா? "ஓம், அப்படியே செய்வம்" என்று அந்த இடத்திலேயே வாக்குக் கொடுத்தாள். தாய்மாரின் முகமெல்லாம் மலர்ந்தது. சோனக மிஸ் நல்லவ என்று பின் வாங்கில் யாரோ சொன்னது அவள் காதிலும் விழுந்தது. வெறுந்தேத்தண்ணி வந்தது. பஸ்ஸில் திரும்பும்போது அவளுக்குத் தன்னைப் பற்றிக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

பாடங்கள் தொடங்கின. படிப்பித்தது டயனா டீச்சர். நபீலா வந்து பின்னால் கதிரை போட்டுக் கேட்பாள். ஒன்பதாம் வகுப்பில் டெனிஷா என்று ஒரு பிள்ளை இருந்தாள், றோசமேரியின் மூத்த மகள். தாயின் குரல் அவளுக்கும் வாய்த்திருந்தது. டீச்சர் கேள்வியை முடிக்குமுன் பதிலைச் சொல்லிவிட்டு, பக்கத்தில் இருப்பவளைப் பார்த்துச் சிரிப்பாள். நபீலாவுக்கு அவளைப் பிடித்துப்போனது.

நாலாவது பாடம் முடிந்த அன்று பைப்படியில் நபீலா கை கழுவிக்கொண்டு நின்றாள். டெனிஷா வந்து பக்கத்தில் நின்றாள். போத்தலைப் பைப்புக்குக் கீழே பிடித்தாள். போத்தல் நிறைந்து வழிந்தது, அவள் எடுக்கவில்லை.

"மிஸ், கடைசிப் பாடத்தில என்ன இருக்கு?"

"ஏன் மகள்?"

"தலைப்புப் பாத்தன். யாரிட்டச் சொல்லுறது எண்டு போட்டிருக்கு. அத இப்ப படிப்பிக்க ஏலாதா?"

நபீலா பைப்பை மூடினாள். பிள்ளையின் முகத்தில் அந்தச் சிரிப்பு இல்லை.

"ஏதும் பிரச்சினையா மகள்? என்னட்டச் சொல்லலாம்."

"ஒண்டுமில்ல மிஸ். சும்மாதான் கேட்டன்."

அதற்குள் மற்றப் பிள்ளைகள் போத்தல்களோடு வந்து மொய்த்துவிட்டார்கள். நபீலாவுக்கு அவளைத் தனியே கூட்டிக்கொண்டுபோய் உட்கார வைத்துச் சொல்லிவிட வேண்டும்போல் இருந்தது. ஆனால் கொடுத்த வாக்கு இருக்கிறது. சோனகப் பொம்புள தவசு காலத்தில் எங்கட பிள்ளையைத் தனியே கூப்பிட்டுக் கண்டதையும் சொன்னாள் என்று ஒரு கதை கிளம்பினால், ஆறாவது என்ன, ஐந்தாவது பாடமும் நடக்காது. அடுத்த ஊரிலும் கதவைச் சாத்துவார்கள்.

"தவசு முடியட்டும் மகள். முழுசாப் படிப்பிக்கலாம்" என்றாள்.

"சரி மிஸ்" என்று டெனிஷா போய்விட்டாள்.

நபீலா சும்மா இருந்துவிடவில்லை. அந்தப் பிள்ளையைக் கொஞ்சம் கவனியுங்கள் என்று டயனாவிடம் சொன்னாள். "அவளா? அவளுக்கு எல்லாத்திலயும் முன்னுக்கு நிக்கோணும் மிஸ்" என்று டயனா சிரித்தாள். அதிபரிடம் போய், ஆறாவது பாடத்தை முந்தியே வைக்கலாமா என்று கேட்டாள். "நீங்கதானே மிஸ் ஓமெண்டு சொன்னீங்க" என்றார் அவர். அவர் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. கடைசியில் றோசமேரியின் வீட்டுக்கே போனாள். பிள்ளை கேட்டாள் என்று சொல்ல முடியாது. சொன்னால் அந்தப் பிள்ளை இனி யாரிடமும் எதுவும் கேட்காது. அதனால் காரணத்தைச் சொல்லாமல், சுற்றி வளைத்து, பூசி மெழுகிக் கேட்டாள்.

றோசமேரி அவளைக் கதிரையில் இருத்தி, இறால் வடை பொரித்துக் கொடுத்தாள். முற்றத்தில் புருஷனும் கூட்டாளியும் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார்கள்.

"கொஞ்ச நாள்தானே மிஸ்? அவசரப்படாதீங்க. நாங்க சொன்னாச் சொன்னதுதான்."

உயிர்த்த ஞாயிறு முடிந்தது. விடுமுறை முடிந்து இரண்டாம் தவணை தொடங்கியதும் நபீலா நுரைச்சோலையில் பஸ் மாறி, காலையிலேயே வந்து இறங்கினாள். ஆறாவது பாடத்துக்கான படங்களை நெஞ்சோடு அணைத்தபடி வகுப்புக்குள் போனாள். பையன்கள் எல்லோரும் இருந்தார்கள். பெண்பிள்ளைகளின் பக்கத்தில் பாதி வாங்குகள் வெறுமையாகக் கிடந்தன.

"புள்ளைகள் எங்க?"

டயனா அவளை ஒரு மாதிரிப் பார்த்தாள். "வாடிக்குப் போயிட்டாங்க மிஸ்."

அப்போதுதான் நபீலாவுக்கு விசயம் தெரிந்தது. சோளகக் காற்று எழும்பினால் இந்தப் பக்கத்துக் கடல் கொந்தளிக்கும், தொழில் நடக்காது. சண்டை முடிந்து பாதை திறந்த நாளிலிருந்து, இந்த ஊரில் பாதிக் குடும்பங்கள் அந்த மாதங்களில் முல்லைத்தீவுக் கரைக்குப் போய் ஓலைக் குடிசையாய் வாடி போட்டுத் தொழில் செய்கிறார்கள். பையன்களைச் சொந்தக்காரர் வீட்டில் விட்டுவிட்டுப் போவார்கள். பெரியபிள்ளையான பெண்ணை அப்படி விடமாட்டார்கள். தாயின் கண்ணுக்கு முன்னால் இருக்க வேண்டுமென்று கூடவே கூட்டிக்கொண்டு போவார்கள். யாரும் நபீலாவை ஏமாற்றவில்லை. கிழக்கில் சூரியன் உதிக்கும் என்று யாராவது கூட்டம் வைத்துச் சொல்வார்களா? புத்தளம் டவுனில் பிறந்து வளர்ந்தவளுக்குத் தவசு விளங்கியது, தவணை விளங்கியது, காற்று விளங்கவில்லை.

அன்றைக்கு இருந்த பிள்ளைகளுக்குப் பாடம் நடந்தது. பையன்கள் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார்கள். நபீலாவின் கண் டெனிஷாவின் வெறும் வாங்கைவிட்டு நகரவில்லை.

றோசமேரிக்குத் தொலைபேசி எடுத்தாள். காற்றும் கடலும் இரைந்த இரைச்சலில் பாதிதான் கேட்டது. "சுகம்தான் மிஸ். ஒரே வாடிக்குள்ள எல்லாரும் நெருக்கிப் பிடிச்சுக் கிடக்கிறம். சோளகம் முடிய வந்திருவம்" என்றாள். டெனிஷாவிடம் கொடுங்கள் என்று கேட்பதற்குள் தொடர்பு அறுந்தது. மறுபடி எடுத்தாள், கிடைக்கவில்லை.

பணிப்பாளரிடம் போய், ஒரு நாள் அங்கே போய்ப் பாடம் நடத்திவிட்டு வர அனுமதி கேட்டாள். அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"அது வேற மாகாணம் மிஸ். அங்க போய்ப் படிப்பிக்க எங்களுக்கு என்ன அதிகாரம்?"

முல்லைத்தீவுப் பக்கத்து வலயத்துக்குப் பேசினாள். அந்தப் பிள்ளைகள் இங்கே பதிவில் இல்லையே என்றார்கள். இரண்டு பேரும் உண்மையைத்தான் சொன்னார்கள். நபீலா இரவில் தூக்கம் வராமல் புரண்டாள். வேறு என்ன செய்யலாம் என்று அவளுக்குத் தெரியவில்லை.

இதற்கிடையில் வலயத்தில் முடிவுகளைக் கணக்குப் பார்த்தார்கள். முதல் ஐந்து பாடங்களும் பிரமாதம். எல்லாப் பாடசாலையிலும் பிள்ளைகளுக்கு விளக்கம் கூடியிருந்தது. ஆறாவதைத்தான் எந்தப் பாடசாலையும் ஒழுங்காக முடிக்கவில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு காரணம். ஆகவே வலயம் முழுக்க ஐந்து பாடங்களை எடுத்துக்கொள்வது, ஆறாவதை அதிபர்களின் விருப்பத்துக்கு விடுவது என்று தீர்மானம் நிறைவேறியது. ஆறும் சேர்ந்தால்தான் பலன் என்று நபீலா எழுந்து சொன்னாள். "கிடைச்சத வச்சுத் தொடங்குவம் மிஸ்" என்று பணிப்பாளர் தட்டிக்கொடுத்தார். எல்லோரும் கைதட்டினார்கள். அவளுக்கு ஒரு பூங்கொத்தும் தந்தார்கள்.

சோளகம் ஓயுமுன்னமே றோசமேரியின் அழைப்பு வந்தது. வாடியிலிருந்து திரும்பிவிட்டோம், சிலாபம் ஆஸ்பத்திரியில் நிற்கிறேன் என்றாள். அந்தப் பெரிய குரல் எங்கே போனது என்று தெரியவில்லை.

வார்டுக்கு வெளியே வாங்கில் றோசமேரி இருந்தாள். கதவின் ஊடாகக் கட்டில் தெரிந்தது. டெனிஷா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். போர்வைக்கு மேலாகவும் வயிறு தெரிந்தது. நபீலா வாங்கில் உட்கார்ந்துவிட்டாள்.

"இவர்ர கூட்டாளிதான் மிஸ். எங்கட வள்ளத்தில வாறவன். என்ர கையால சோறு திண்டவன். பொலீஸ் புடிச்சிட்டு. தவசுக்கு முந்தியே தொட்டுத் தொட்டுத் தொல்ல குடுத்திருக்கான். பொறகு வாடியில..." அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "அவள் டொக்டரிட்டச் சொல்லியிருக்காள், உங்களிட்ட அந்தக் கடைசிப் பாடத்தக் கேட்டவளாம். அதில என்ன மிஸ் இருந்த? எனக்குச் சொல்லுங்க."

"இப்ப எதுக்கு றோசமேரி..."

"சொல்லுங்க மிஸ்."

நபீலா சொன்னாள். உன் உடம்பு உன்னுடையது. பிடிக்காமல் யார் தொட்டாலும் வேண்டாம் என்று சொல்லலாம், அது வீட்டுக்கு வந்துபோகிற பெரிய ஆளாக இருந்தாலும். யாருக்கும் சொல்லாதே என்று ஒருவர் சொன்னால், அதைத்தான் உடனே போய்ச் சொல்ல வேண்டும். அம்மாவிடம், டீச்சரிடம், நம்பிக்கையான யாரிடமாவது. முதலில் கேட்டவர் காது கொடுக்காவிட்டால் விடாதே, இன்னொருவரிடம் போய்ச் சொல். பிழை உன்னுடையதல்ல.

காது கொடுக்காவிட்டால் என்ற இடத்தில் றோசமேரி முகத்தைப் பொத்திக்கொண்டாள். "கருவாடு காயப்போட்டுக்கொண்டு நிக்கைக்க ஒரு நாள் வந்தவள் மிஸ். அம்மா ஒரு கதை எண்டாள். பொறகு கதைப்பம், மழை வருகுது எண்டன்."

நபீலா அவளுடைய கையைப் பிடித்தாள். தன்னிடமும் அந்தப் பிள்ளை வந்ததை, தானும் பிறகு என்று சொன்னதைச் சொன்னாள். றோசமேரி அதைக் கேட்டதாகத் தெரியவில்லை. வேறு எதையோ யோசித்துக்கொண்டிருந்தாள்.

"மிச்சம்?" என்றாள்.

"இவ்வளவுந்தான். பிள்ளை எப்படி உண்டாகும் எண்டு கொஞ்சம் இருக்கு. வேற ஒண்டுமில்ல."

"இவ்வளவுந்தானா?"

"ஓம்."

றோசமேரி கையை உருவிக்கொண்டாள். நபீலாவை முதன்முறையாகப் பார்ப்பவள் மாதிரிப் பார்த்தாள்.

"நாங்க கடலுக்குப் போற சனம். வெக்கத்தில வேணாமெண்டுதான் சொல்லுவம். நீங்க படிச்சவங்க, இதில என்ன இருக்கெண்டு தெரிஞ்சவங்க. நீங்க ஏன் மிஸ் எங்களிட்டக் கேட்டீங்க?"