ஒன்பது வாரம் நகராத டிரவுட்

1.
இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. அமெரிக்காவின் மொண்டானாவில் ஒரு கூட்டம். "நம்ம டிரவுட் மீனெல்லாம் உள்ளூர்வாசிங்க, எங்கயும் போகாது" என்றார் ஒரு கோட்டுக்காரர். வசந்தத்தில் அவை முட்டையிட ஓடையேறுவதைப் பார்த்தே வளர்ந்தவள் நான். வாய்மூடி உட்கார்ந்திருந்தேன். அந்தக் கடுப்பு இது.

2.
மலைமுகட்டில் பனி உருகி, வெள்ளிக்கம்பியாய்…

சீ. காலண்டர் படம்.

டெல்சி ஹாகன், வீட்டில் முதல் பட்டதாரி. ஆறு டிரவுட்டுகளின் வயிற்றில் விரல்நுனி அளவு ரேடியோ வைத்து, ஆன்டெனாவோடு அலைகிறாள். (ஆறே ஆறு. விஞ்ஞானம்!) மூன்று மீன்கள் தடுப்பணைவரை ஏறி முட்டித் திரும்பின. மூன்று நகரவில்லை. ஏறுபவை அதிகமென்றால்தான் அணையில் மீனுக்கு வழி வெட்டுவார்கள்.

நகராத மூன்றில் ஒன்று, ரேடியோவில் 31 என்று எண்ணிட்ட மீன், அப்பா வெர்னின் டிரெய்லர் வீட்டுக்குப் பின்னாலுள்ள மடுவில். டெல்சி சாலையில் வண்டியை நிறுத்தி, திசையை மட்டும் குறித்துக்கொண்டு போய்விடுவாள்.*

* அப்பாவோடு பேச்சுவார்த்தை இல்லை. ஆன்டெனா திசை சொல்லும், தூரம் சொல்லாது. இது அவளுக்குப் பாடத்திலேயே உண்டு.

3.
ஒன்பதாம் வாரம் இறங்கிப் போனாள். மடுவருகே கருவியில் சத்தமில்லை. வீட்டுக்குள் அது அலறியது.

"அப்பா, ஃப்ரிட்ஜ் மேல என்ன அது?"

"மீன் வயித்துல இருந்துச்சு. வாலு மாதிரி கம்பி வேற. அழகா இல்ல?"

"மீனு?"

"வெண்ணெயில வறுத்தாச்சு. ஒம் பிறந்தநாளுக்குப் பிடிச்சது. மகாராணிதான் வரல."

"ஒன்பது வாரமா உங்க ஃப்ரிட்ஜை உள்ளூர்வாசின்னு எழுதியிருக்கேன்!"

"தப்பில்லையே. அது நகர்ந்ததே இல்ல."

அவளுக்குச் சிரிப்பு வந்து தொலைத்தது. வெர்ன் சிரிக்கவில்லை. தூண்டில்போட வருபவர்களுக்கு அவர் வழிகாட்டி. பிடித்த டிரவுட்டை ஆற்றில் திரும்ப விடணும், அதுதான் சட்டம் என்று பிரசங்கம் செய்வதே பிழைப்பு.

"எழுதுனா என் லைசென்ஸ் காலி, டெல்."

"தெரியும்."

4.
முடிவு அ: உண்மையை எழுதுகிறாள். ஏறியவை மூன்று, நகராதவை இரண்டு; வழி திறக்கிறது. அப்பா அறுபது வயதில் பெட்ரோல் பங்க்கில்.

முடிவு ஆ: மூடிமறைக்கிறாள். மீன்கள் முட்டிக்கொண்டே இருக்கட்டும்.

முடிவு இ: ரேடியோவை அணைக்கு மேலே ஓடையில் போடுகிறாள். 31 ஏறிவிட்டதாகப் பதிவாகும். அப்பாவும் பிழைப்பார், மீனும் பிழைக்கும். [இதுதான் எனக்குப் பிடித்தது. இப்படித் தரவு சமைப்பவர்களைக் காறித்துப்பத்தான் இவள் படித்தாள் என்பதால் கோடு போட்டு அடிக்கிறேன்.]

வெர்ன் காபியை நீட்டிவிட்டு அவள் கையையே பார்க்கிறார். மகள், அப்பா, மீன், மூன்று பேருக்கும் நியாயமான முடிவு என்னிடம் இல்லை. இருப்பதாக நடிக்கவும் மாட்டேன். பேனா இந்தாருங்கள். படிவத்தில் இந்த இடம் காலி:

மீன் எண் 31: ____________